மாற்றுத்திறனாளிக்கு வரிச் சலுகை: ஏட்டில் உண்டு, கையில் இல்லை

புது தில்லி: ஒரே அலுவலகத்தில் ஆண்டுக்கு ரூ.15 லட்சம் ஊதியம் பெறும் இருவரை எடுத்துக் கொள்வோம். ஒருவரின் குழந்தை நல்ல உடல்நலத்துடன் பள்ளிக்குச் செல்கிறது. மற்றவரின் குழந்தைக்கு மூளை முடக்குவாதம்; எண்பது சதவீதத்துக்கு மேல் பாதிப்பு. உடலியக்கப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, சக்கர நாற்காலி, பகல் முழுவதும் உடனிருக்க ஓர் ஆள் என மாதந்தோறும் செலவு. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் இவ்விருவரும் செலுத்த வேண்டிய வருமான வரி, கூடுதல் தீர்வையுடன் சேர்த்து, தலா ரூ.97,500. ஒரு ரூபாய் கூட வேறுபாடு கிடையாது.

மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பங்களுக்கும் வரிச் சலுகை அளிக்கும் சட்டப் பிரிவுகள் நீக்கப்பட்டுவிட்டனவா என்றால் அதுவும் இல்லை. அவை ஏட்டில் அப்படியே இருக்கின்றன. ஆனால், பெரும்பாலான வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்திருக்கும் முறையில் அவற்றுக்கு இடமில்லை. சலுகையை ரத்து செய்யாமலேயே பயனற்றதாக்கும் விந்தை, நாடாளுமன்றத்தில் பெரிய விவாதம் எதுவும் இல்லாமல் நடந்து முடிந்திருக்கிறது.

இரண்டு பிரிவுகள்

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இதற்கென இரண்டு முக்கியப் பிரிவுகள் உண்டு. மாற்றுத்திறனாளி தாமே வருமானம் ஈட்டுபவராக இருந்தால் அவருக்கு உரியது 80-யு பிரிவு. கணவர் அல்லது மனைவி, மகன், மகள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவர் மாற்றுத்திறனாளியாக இருந்து, வரி செலுத்துபவரைச் சார்ந்து வாழ்ந்தால், பராமரிப்பவருக்கு உரியது 80-டிடி பிரிவு. ஒரே நபருக்காக இரண்டையும் கோர முடியாது. இரண்டுமே இந்தியாவில் வசிப்போருக்கு மட்டுமே உரியவை.

பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால், வரிக்கு உட்பட்ட வருமானத்தில் இருந்து ரூ.75,000 கழித்துக் கொள்ளலாம். 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் ரூ.1,25,000. உண்மையில் எவ்வளவு செலவானது என்பதைப் பொருத்து இந்தத் தொகை மாறுவதில்லை. குறிப்பிட்ட சில நோய்களின் சிகிச்சைச் செலவுக்கான 80-டிடிபி பிரிவில்தான் உண்மைச் செலவும் உச்சவரம்பும் பார்க்கப்படும். இரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவோர் பலர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும. இவை வரியில் இருந்து நேரடியாகக் கழிக்கப்படும் சலுகைகள் அல்ல. வருமானத்தில் இருந்து கழிக்கப்படுபவை. எனவே, ஒருவர் எந்த வரி விகிதத்தில் இருக்கிறாரோ அதைப் பொருத்தே பயன் அமையும். பழைய வரி முறையில் 30 சதவீத விகிதத்தில் உள்ளவருக்கு ரூ.1,25,000 கழிவின் மதிப்பு, கூடுதல் தீர்வையும் சேர்த்து, ரூ.39,000. 20 சதவீத விகிதத்தில் உள்ளவருக்கு ரூ.26,000. வரி செலுத்தும் அளவுக்கு வருமானமே இல்லாதவருக்குப் பூஜ்யம்.

கோருவது எப்படி?

முதல் தேவை சான்றிதழ். 2021 ஜூன் 1 முதல் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்கள் அனைத்தும் மத்திய அரசின் தனித்துவ அடையாள அட்டை இணையதளம் வழியாகவே வழங்கப்பட வேண்டும் என்பது விதி. விண்ணப்பத்தை அதில் பதிவு செய்து, அரசு மருத்துவமனையில் உரிய மருத்துவக் குழுவின் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகளின்படி அட்டையின் நிறமே பாதிப்பின் அளவைக் காட்டும்: 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். சான்றிதழ் வழங்குவதற்கான காலக்கெடு ஒரு மாதத்தில் இருந்து மூன்று மாதங்களாக நீட்டிக்கப்பட்டதும் அதே திருத்தத்தில்தான். நிதியாண்டு முடியும் தறுவாயில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்போர் இதை மனதில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வருமான வரித் துறையின் தனிப் படிவம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைப் பாதிப்பு ஆகியவற்றுக்கு 1961 சட்டத்தின் விதிகள் 10-ஐஏ என்ற படிவத்தைக் கேட்கின்றன. நரம்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற மருத்துவர், குழந்தைகளாயின் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர், அல்லது அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவ அதிகாரி அதில் சான்றளிக்க வேண்டும். பிற பாதிப்புகளுக்கு வழக்கமான மாற்றுத்திறனாளிச் சான்றிதழே போதும். சான்றிதழில் மறுமதிப்பீட்டுக்கு எனக் காலம் குறிக்கப்பட்டிருந்தால், அக்காலம் முடிந்த பின் புதிய சான்றிதழ் இல்லாமல் கழிவு கிடைக்காது.

மூன்றாவது, கணக்குத் தாக்கல். 2024-25 மதிப்பீட்டு ஆண்டில் இருந்து இதற்கெனத் தனி அட்டவணை சேர்க்கப்பட்டுள்ளது. பாதிப்பின் தன்மை, சார்ந்திருப்பவரின் உறவுமுறை, அவரது பான் எண், ஆதார் எண், 10-ஐஏ படிவம் தாக்கல் செய்த தேதியும் ஒப்புகை எண்ணும், அடையாள அட்டையின் எண் ஆகிய விவரங்களுக்கு அதில் இடம் உண்டு. மாத ஊதியம் பெறுவோர் சான்றிதழின் நகலை அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்துவிட்டால், ஊதியத்தில் வரி பிடிக்கும்போதே கழிவு கணக்கில் கொள்ளப்படும்.

நான்காவது, இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது: பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறையே இயல்பான முறை. எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டவர் தாமாகவே புதிய முறைக்குள் சென்றுவிடுவார். பழைய முறை வேண்டுமெனில் ஊதியதாரர் கெடு தேதிக்குள் தாக்கல் செய்யும் கணக்கிலேயே அதைக் குறிக்க வேண்டும். தொழில், வணிக வருமானம் உள்ளோர் அதற்கெனத் தனிப் படிவமும் கொடுக்க வேண்டும். கெடு தவறினால் அந்த ஆண்டுக்கான வாய்ப்பும் தவறியது.

பழைய முறைக்குச் சென்றால் பயன் உண்டா?

இத்தனை படிகளையும் கடந்து பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு என்ன கிடைக்கும்? முதலில் கூறிய ரூ.15 லட்சம் ஊதியக்காரரின் கணக்கையே பார்ப்போம். நிலையான கழிவு ரூ.50,000, சேமிப்புகளுக்காக ரூ.1.5 லட்சம், குழந்தைக்காக ரூ.1.25 லட்சம் என மூன்றையும் கழித்த பிறகும் பழைய முறையில் அவர் செலுத்த வேண்டிய வரி ரூ.1,71,600. புதிய முறையில் எந்தக் கழிவும் கோராமலே ரூ.97,500. ஆகவே, எந்த ஆடிட்டரும் அவரைப் புதிய முறைக்கே போகச் சொல்வார். அது சரியான ஆலோசனையும் கூட. வீட்டு வாடகை, வீட்டுக் கடன் வட்டி எனப் பெரிய கழிவுகள் வேறு உள்ளவர்களுக்கு மட்டுமே பழைய முறை இன்னும் கைகொடுக்கலாம்.

2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு 2024 ஜூலை 31 வரை தாக்கலான 7.28 கோடி கணக்குகளில் 5.27 கோடி, அதாவது சுமார் 72 சதவீதம், புதிய முறையில் வந்தவை. 2025 பட்ஜெட்டில் ரூ.12 லட்சம் வரையிலான வருமானத்துக்குப் புதிய முறையில் வரி இல்லை என அறிவிக்கப்பட்ட பின்னர் பழைய முறையின் கவர்ச்சி மேலும் குறைந்தது.

நியாயமாகச் சொன்னால், இந்த அறிவிப்பால் நடுத்தரக் குடும்பங்கள் பல வரியில் இருந்தே விடுபட்டன. அவற்றுள் மாற்றுத்திறனாளிகள் உள்ள குடும்பங்களும் அடங்கும். அதை மறுப்பதற்கில்லை. ஆனால், அது எல்லோருக்கும் கிடைத்த நன்மை. மாற்றுத்திறனாளி உள்ள வீட்டில் கூடுதல் செலவு இருக்கிறது, எனவே அவ்வீட்டின் வரி செலுத்தும் திறன் குறைவு என்ற அடிப்படை உண்மைக்கு அதில் பதில் இல்லை. சம வருமானம் உள்ள இருவரிடம் சம வரி பெறுவது நீதி என்றால், அவ்விருவரின் சுமையும் சமமா என்று பார்ப்பதும் நீதியின் பாற்பட்டதே.

விதிவிலக்கே கூடாதா?

புதிய முறை 2020 பட்ஜெட்டில் அறிமுகமானபோது, நூற்றுக்கும் மேற்பட்ட விலக்குகளிலும் கழிவுகளிலும் சுமார் எழுபது நீக்கப்பட்டன. விலக்குகள் குறைந்தால் சட்டம் எளிதாகும், விகிதங்களும் குறையும் என்பது நிதியமைச்சகத்தின் வாதம். கொள்கை அளவில் அதில் தவறில்லை. சேமிப்புக்கும் காப்பீட்டுக்கும் தரப்பட்ட கழிவுகள், மக்கள் தம் பணத்தை எதில் போட வேண்டும் என்று அரசு காட்டிய ஆசைகள். அவற்றை நீக்கினால் அவரவர் விருப்பப்படி முடிவெடுக்கலாம்.

ஆனால், உடற்குறையை யாரும் விருப்பத்தின் பேரில் தேர்ந்தெடுப்பதில்லை. வரிச் சேமிப்புப் பத்திரத்தையும் சக்கர நாற்காலியையும் ஒரே தட்டில் வைத்து நீக்கியதுதான் பிழை.

புதிய முறையில் விதிவிலக்கே இல்லை என்பதும் உண்மையல்ல. தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கு நிறுவனம் செலுத்தும் பங்குக்குக் கழிவு உண்டு. அக்னிவீரர் நிதிக்கு உண்டு. புதிதாக ஆள் சேர்க்கும் நிறுவனங்களுக்கான கழிவும் உண்டு. ஏன், பார்வையற்ற, செவித்திறனற்ற, கால் ஊனமுற்ற ஊழியர்களின் போக்குவரத்துப் படிக்கு அன்று மாதம் ரூ.3,200 வரை இருந்த விலக்கைப் புதிய முறையிலும் தொடர மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020-லேயே அனுமதித்தது. அலுவலகம் சென்று வரும் மாற்றுத்திறனாளியின் கூடுதல் செலவை ஏற்கும் சட்டம், வீட்டில் முடங்கிக் கிடப்பவரைப் பராமரிக்கும் பெற்றோரின் செலவை ஏற்க மறுப்பது எந்த விதத்தில் பொருந்தும்?

முறைகேடு நடக்கும் என்ற அச்சமும் சொல்லப்படுகிறது. போலிக் கழிவுகள் கோரப்படுவது உண்மைதான். ஆனால், அரசு மருத்துவமனைச் சான்று, தேசியத் தரவுத் தொகுப்பில் பதிவான அடையாள எண், ஆதார், பான் என இத்தனை பூட்டுகள் உள்ள கழிவு வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. ஏமாற்ற நினைப்பவர் எளிதான வழியைத் தேடுவாரே தவிர, மருத்துவக் குழுவின் முன் வந்து நிற்க மாட்டார்.

மூன்றாண்டு காத்திருப்பு

நாடாளுமன்றம் நினைத்தால் இதில் மாற்றம் கொண்டுவர முடியும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. 80-டிடி பிரிவின் கீழ் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் 'ஜீவன் ஆதார்' போன்ற பாலிசிகளில் பெற்றோர் பணம் செலுத்தி வந்தனர். ஆனால், செலுத்தியவர் இறந்த பிறகே அப்பணம் மாற்றுத்திறனாளிக்குக் கிடைக்கும் என்பது நிபந்தனை. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதும் முதுமையில் வருமானம் குறைந்து பிள்ளைக்குப் பணம் தேவைப்படாதா என்ற கேள்வியுடன் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த நீதிமன்றம், சட்டத்தை மாற்றுவது தன் வேலையல்ல என்று மனுவை ஏற்க மறுத்தது. அதே வேளையில், குறையைப் பரிசீலிக்குமாறு அரசைக் கேட்டுக் கொண்டது.

மூன்று ஆண்டுகள் கழித்து 2022 பட்ஜெட்டில் திருத்தம் வந்தது. பணம் செலுத்துபவருக்கு 60 வயது நிறைந்து, அவர் பணம் செலுத்துவதை நிறுத்திய பின், அவர் உயிருடன் இருக்கும்போதே மாற்றுத்திறனாளிக்குத் தொகை கிடைக்க வழி பிறந்தது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால், அடுத்த ஆண்டு பட்ஜெட்டே புதிய வரி முறையை இயல்பான முறையாக்கியது. கதவைச் சீர்செய்து முடித்த கையோடு, அந்தக் கதவுக்குச் செல்லும் பாதையை அடைத்தது போலாயிற்று.

விளக்கத்திலும் இதே பின்னடைவு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995 சட்டத்தில் ஏழாக இருந்த பாதிப்பு வகைகள் அதில் 21 ஆயின. தலசீமியா, ஹீமோபிலியா, தசைச் சிதைவு, அமிலத் தாக்குதலுக்கு உள்ளானோர் எனப் பல பிரிவினர் முதல் முறையாகப் பெயரளவில் இடம்பெற்றனர். ஆனால், வருமான வரிச் சட்டத்தின் விளக்கமோ அதன் பின்னரும் பல ஆண்டுகள் 1995 சட்டத்தையே சுட்டிக் கொண்டிருந்தது. ஒரு அமைச்சகம் மாற்றுத்திறனாளி என அட்டை கொடுத்தவரை மற்றோர் அமைச்சகத்தின் சட்டம் அடையாளம் கண்டுகொள்ளாத நிலை.

விவாதமின்றி நிறைவேறிய சட்டம்

இக்குறைகளைக் களைய நல்ல வாய்ப்பு ஒன்று 2025-ல் வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் பழமையான வருமான வரிச் சட்டத்தை முழுமையாக மாற்றி எழுதும் மசோதா பிப்ரவரியில் மக்களவைக்கு வந்தது. தேர்வுக் குழு ஜூலையில் அறிக்கை அளித்தது. பழைய மசோதா திரும்பப் பெறப்பட்டு, திருத்திய மசோதா ஆகஸ்ட் 11 அன்று அறிமுகமாகி, எதிர்க்கட்சிகளின் அமளிக்கு இடையே அன்றே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. 819 பிரிவுகள் 536 ஆகச் சுருங்கின. 2026 ஏப்ரல் 1 நடைமுறை நாளாகக் குறிக்கப்பட்டது.

வாக்கியங்கள் எளிமையாயின, பிரிவுகளின் எண்கள் மாறின. ஆனால், மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவுத் தொகை அதே ரூ.75,000, ரூ.1,25,000. புதிய வரி முறையில் அதற்கு இடமில்லை என்பதும் அப்படியே. அமளியில் ஈடுபட்ட எதிர்க்கட்சிகளும் இதைக் கேட்கவில்லை. அவசரம் காட்டிய ஆளுங்கட்சியும் இதைச் சொல்லவில்லை. இந்தத் தொகை 2015 பட்ஜெட்டில் நிர்ணயிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் மருந்து விலை, மருத்துவர் கட்டணம், பராமரிப்பாளர் கூலி எதுவும் 2015-ல் நின்றுவிடவில்லை.

வரியே செலுத்தாதவர்கள்

வரி செலுத்துவோரைப் பற்றி மட்டும் பேசினால் படம் முழுமையாகாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் பெரும்பாலோர் கிராமங்களில் வாழ்கின்றனர். வருமான வரிக் கழிவு அவர்களில் மிகச் சிலருக்கே பொருந்தும்.

மற்றவர்களுக்கு மத்திய அரசு வைத்திருப்பது இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவராக, 80 சதவீதப் பாதிப்பு உள்ளவராக, 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். 79 வயது வரை மத்திய அரசின் பங்கு மாதம் ரூ.300 என 2012-ல் நிர்ணயிக்கப்பட்டது. அதன் பின் பல பட்ஜெட்டுகள் வந்து போயும் அத்தொகை அசையவில்லை. ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அதை உயர்த்துமாறு திரும்பத் திரும்பப் பரிந்துரைத்துள்ளது. மாநிலங்கள் தத்தம் நிதியில் இருந்து கூடுதலாகத் தருவதால்தான் திட்டத்துக்கு ஓரளவேனும் அர்த்தம் இருக்கிறது.

கணக்கை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ரூ.3,600 என்பது வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள கடும் பாதிப்புடைய ஒருவருக்கு மத்திய அரசின் உதவி. அதே அளவு பாதிப்புக்கு, பழைய வரி முறையில் உயர்ந்த விகிதத்தில் உள்ளவர் பெறும் சலுகை ரூ.39,000. வசதி கூடக் கூட உதவி கூடும் அமைப்பு எந்த நலக் கோட்பாட்டிலும் அடங்காது. எனவே, கழிவை மீட்டுத் தந்தால் மட்டும் போதும் என்று வாதிடுவதும் பாதி நியாயமே.

கனடாவில் மாற்றுத்திறனாளி வரிச் சலுகை வருமானத்தில் இருந்து அல்லாமல் வரியில் இருந்தே கழிக்கப்படுகிறது. மருத்துவர் சான்றளித்த ஒரு படிவம்தான் அதற்கு வாயில். பயன்படுத்தாத சலுகையை, ஆதரிக்கும் குடும்பத்தினருக்கு மாற்றவும் வழி உண்டு. அங்கும் வரியே செலுத்தாத ஏழைகளுக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை என்ற குறை இருந்தது. அதே சான்றின் அடிப்படையில் குறைந்த வருமானம் உடையோருக்கு மாதம் 200 கனடிய டாலர் வரை ரொக்க உதவி 2025 ஜூலை முதல் தரப்படுகிறது. அந்தத் தொகை போதாது என்ற விமர்சனம் அங்கேயும் உண்டு. ஆனால், ஒரே சான்று இரண்டு வாயில்களையும் திறக்கிறது என்பதில் இந்தியாவுக்குப் பாடம் இருக்கிறது.

செய்ய வேண்டியது

முதலாவதாக, இரு கழிவுகளையும் புதிய வரி முறையிலும் அனுமதிக்க வேண்டும். முதலில் கூறிய தந்தைக்கு அதனால் குறையும் வரி ரூ.19,500. அரசின் வருவாயில் அது ஒரு துளி. அந்த வீட்டில் அது சில மாதப் பயிற்சிக் கட்டணம். விகிதத்தைப் பொருத்து மாறும் கழிவாக அன்றி, எல்லோருக்கும் ஒரே அளவாக வரியில் இருந்தே கழிக்கும் சலுகையாக அதை மாற்றினால் இன்னும் நியாயமாக இருக்கும்.

இரண்டாவதாக, தொகையை விலைவாசியுடன் இணைக்க வேண்டும். அரசு ஊழியர் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படும் நாட்டில் இது புதுமையான யோசனை அல்ல.

மூன்றாவதாக, தனித்துவ அடையாள அட்டையே எல்லாவற்றுக்கும் போதுமான சான்று என்று அறிவிக்க வேண்டும். மருத்துவக் குழு ஏற்கெனவே பரிசோதித்து அட்டை வழங்கிய குழந்தையை, வரிக்காக மீண்டும் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வைப்பது எளிமைப்படுத்துதல் ஆகாது.

நான்காவதாக, வரி வரம்புக்குள் வராதவர்களுக்கு அதற்கு ஈடான தொகையை ரொக்கமாக அளிக்க வேண்டும். ரூ.300 ஓய்வூதியத்தை உயர்த்துவது அதன் தொடக்கமாக அமையலாம். 18 வயதுக்குக் குறைந்த குழந்தைகளையும் அதில் சேர்க்க வேண்டும். கவனிப்பாளர் உதவித்தொகை உட்படச் சமூகப் பாதுகாப்பை அரசின் கடமையாக 2016 சட்டத்தின் 24-ஆவது பிரிவு ஏற்கெனவே வகுத்துள்ளது. தேவை புதிய சட்டம் அல்ல. இருக்கும் சட்டத்துக்கு நிதி.

மாற்றுத்திறனாளிகளின் உரிமை குறித்த ஐ.நா. உடன்படிக்கையை 2007-ல் ஏற்ற நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பாதிப்பினால் ஏற்படும் கூடுதல் செலவுகளுக்கு அரசு துணை நிற்க வேண்டும் என்பது அதில் ஒப்புக்கொண்ட கடமை. ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் நாளில் வரி விகிதங்களை மாற்றி எழுதும் நிதியமைச்சகத்துக்கு, இதற்காக ஒரு பத்தி எழுதுவது கடினமான காரியம் அல்ல. அந்தப் பத்தி எழுதப்படும்வரை, சலுகை இருக்கிறது என்று சொல்லிக் கொள்ளும் உரிமை அரசுக்கு இல்லை.